பெயர் வேண்டாம், பதில் வேண்டும்

சென்ற முறை குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்ற இரண்டு குடல் அழற்சி நோய்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் குடலைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலும் அதற்கு நாலு விரற்கடை முன்னால் இருக்கும் சமாச்சாரங்கள்தான். எழுதியவர்கள் அநேகமாக ஆண்கள். 'பெயர் போட வேண்டாம்' என்ற வரிக்கு மட்டும் எல்லோரும் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். கண்டி மஹய்யாவையில் எழுத்து நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதால் கேள்விகளை என் நடையில் மாற்றிப் போட்டிருக்கிறேன். இனி நிம்மதியாக வாசியுங்கள்.

கேள்வி: வயிற்று வருத்தத்துக்குக் கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுகிறேன். சலம் போவதில் உள்ள பிரச்சினையையும் அங்கேயே சொல்லலாமா? அதற்கு வேறு டொக்டர் அல்லவா? (மஹய்யாவ)

பதில்: டொக்டர்தான் வேறு, உடம்பு ஒன்று. உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஆண்கள் மருந்துச் சீட்டை வாங்கி, எழுந்து, கதவுப் பிடியில் கைவைத்த பிறகுதான் 'டொக்டர், இன்னொரு சின்ன விஷயம்' என்று தொடங்குவார்கள். அந்தச் சின்ன விஷயம்தான் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டிய பெரிய விஷயமாக இருக்கும். அதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கேள்வி: குரோன் நோய்க்கு வருடக்கணக்காக மருந்து எடுக்கிறேன். கொஞ்ச நாளாகச் சலம் போய் முடியும் நேரத்தில் காற்றும் சத்தத்தோடு வருகிறது. மனைவி சிரிக்கிறாள். நானும் சிரிக்கலாமா? (மஹய்யாவ)

பதில்: அவர் சிரிக்கட்டும். நீங்கள் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் இந்த வாரமே போங்கள். சிறுநீர்ப்பைக்குத் தானாகக் காற்று உண்டாக்கும் வழக்கம் கிடையாது. வருகிறது என்றால் பெரும்பாலும் குடலிலிருந்து நுழைகிறது. குரோன் அழற்சி குடலின் உள்தோலோடு நிற்பதில்லை, சுவரின் முழுத் தடிப்பையும் அரிக்கும். அரித்த இடம் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையோடு ஒட்டிக்கொண்டு, நாளடைவில் இரண்டுக்கும் நடுவே ஒரு கள்ளவழி திறந்துவிடும். ஆசனவாய்ப் பக்கம் திறந்தால் பவுத்திரம் என்கிறோமே, அதே வேலை இங்கே உள்ளுக்குள் நடந்திருக்கிறது.

காற்று முதல் அடையாளம். சலம் கலங்குவது, நாறுவது, எரிவு, காய்ச்சல் என்று கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வருவது அடுத்தது. மலத்தின் துணுக்கே வருவது அதற்கும் அடுத்தது. இந்தக் கள்ளவழி பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். காரணம் எளிது. பெண்ணுக்குக் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே கருப்பை இருந்து காவல் காக்கிறது. நமக்கு அங்கே காவலாளி இல்லை.

பார்மசியில் போய் 'சலக்கடுப்புக்கு ஏதாவது கொடுங்கள்' என்று நான்கு நாள் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கும் ஆட்களுக்குத்தான் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆணுக்குச் சலத்தில் கிருமி அடிக்கடி வருவதே சாதாரணமில்லை. ஏன் வருகிறது என்று தேட வேண்டும். சிடி ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் காற்று நின்றால் கதை பாதி முடிந்த மாதிரி. உங்கள் வயதை எழுதவில்லை. அறுபதைத் தாண்டியவராக இருந்தால் குரோன் தவிரப் பெருங்குடல் பை அழற்சி, புற்றுநோய் ஆகியவற்றையும் தேடிப் பார்ப்பார்கள். அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

சிலருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி மருந்திலேயே வழி அடைபடும். பலருக்கு ஒப்பரேஷன் தேவைப்படும். கெட்ட குடல் துண்டை வெட்டி எடுப்பதுதான் அதில் பெரிய வேலை. சிறுநீர்ப்பை ஓட்டை பெரும்பாலும் நல்ல பிள்ளை, கதீட்டர் போட்டுக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும்.

கேள்வி: இது வெள்ளைக்காரர் நோய் என்கிறார்களே. எங்கள் லைன் வீட்டுக்குள் எப்படி வந்தது? (மஹய்யாவ)

பதில்: விசா கேட்காமல் வந்தது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில், இலட்சம் பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி 5.3, குரோன் 1.2 என்று வந்தது. மேற்கு நாடுகளோடு பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் ஆசியா முழுவதும் ஏறிக்கொண்டிருக்கிறது. குறைவாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. உங்களுக்குக் கல் வந்தால் கல்லை மட்டும் பார்ப்பார்கள், சலத்தில் கிருமி வந்தால் கிருமியை மட்டும் பார்ப்பார்கள். குடலோடு அதை முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: சிறுநீரகத்தில் கல், லேசரால் உடைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடியும் கல். பரம்பரையில் யாருக்கும் கிடையாது. குரோனுக்காகச் சிறுகுடலில் ஒரு துண்டு வெட்டியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (கட்டுகஸ்தோட்டை)

பதில்: உண்டு, நெருங்கிய சம்பந்தம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது நல்ல கதை.

கீரை, தேயிலை, கடலை, முந்திரி எல்லாவற்றிலும் ஒட்சலேட் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஆளின் குடலில் கல்சியம் அதைக் கைப்பிடித்து மலத்தோடு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். உங்களுக்கு வெட்டியது சிறுகுடலின் கடைசித் துண்டாக இருக்கும். பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடம் அதுதான். அது போனால் கொழுப்பு சரியாகச் செரிக்காமல் கீழே இறங்குகிறது. இறங்கிய கொழுப்பு கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோடி பறிபோன ஒட்சலேட் தனியாகப் பெருங்குடலுக்குப் போய், அங்கே இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் இறங்குகிறது. அங்கே ஒரு கல்சியத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்தச் சேர்க்கையின் பெயர்தான் கல்.

போதாததற்கு வயிற்றால் போய்ப்போய் உடம்பில் நீர் குறைகிறது, சலம் சுண்டுகிறது. கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் சலத்தில் குறைகிறது. ஆகவே கல்லை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தால் யூரோலஜி வார்டில் உங்களுக்கு நிரந்தரக் கட்டில்தான். 24 மணி நேரச் சலத்தைச் சேர்த்துச் சோதிக்கலாமா என்று கேளுங்கள். எந்த உப்பு கூட, எந்த உப்பு குறைவு என்று அதில் தெரிந்துவிடும். கல்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் சோற்றோடு விழுங்க வேண்டும். படுக்கப் போகும்போது விழுங்கினால் குடலில் ஒட்சலேட்டைப் பிடிக்க அது அங்கே இருக்காது.

கேள்வி: 'கல் வந்தவன் பாலைத் தொடாதே, பிளேன்டீ குடி' என்கிறார் மாமா. சரியா? (தெல்தோட்டை)

பதில்: மாமாவுக்கு மரியாதை, அறிவுரை தலைகீழ். பிளேன்டீயில் ஒட்சலேட் இருக்கிறது. அதில் பால் ஊற்றினால் பாலின் கல்சியம் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குப் பால்டீதான் நல்லது, அதுவும் அளவோடு. பால் குடித்தால் வயிறு ஊதுமானால் சட்டித் தயிர் சாப்பிடலாம். கல்சியத்தைச் சாப்பாட்டிலிருந்து விலக்குவது கல்லுக்கு வாசலைத் திறந்துவிடுவது.

1867-ல் ஜேம்ஸ் டெய்லர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதால்தான் நம்மில் பாதிப் பேர் இந்த மலையில் இருக்கிறோம். அந்தத் தேயிலையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு கோப்பை சாயத்தண்ணீரைத்தான் குறை சொல்கிறேன்.

கேள்வி: கல்லுக்குப் பொல்பலா அவித்துக் குடிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா பிலிம்பி ஜூஸும் கொடுக்கிறார். தொடரலாமா? (அஸ்கிரிய)

பதில்: பக்கத்து வீட்டு அம்மாவின் அன்பைத் தொடருங்கள், ஜூஸை நிறுத்துங்கள். பிலிம்பியும் காமரங்காவும் ஒட்சலேட் மூட்டைகள். அவற்றைச் சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். நல்ல குடலுக்கே அந்தக் கதி. கொழுப்புச் செரிக்காத குடலுக்குள் போனால் ஒட்சலேட் இன்னும் தாராளமாக உள்ளே ஏறும். பொல்பலாவும் முளைக்கீரையின் குடும்பத்துச் செடிதான். அந்தக் குடும்பமே ஒட்சலேட்டுக்குப் பேர்போனது. எப்போதாவது ஒரு கோப்பை குடித்ததற்காக யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. தினமும் சட்டிக்கணக்கில் அவிக்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். 'நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா' என்று டொக்டர் கேட்டால் 'இல்லை' என்று தலையாட்டாதீர்கள்.

கேள்வி: விடியற்காலை நாலரைக்கு வேலைக்கு இறங்கி டவுனைக் கூட்டுகிறோம். தண்ணீர் நிறையக் குடி என்று டொக்டர் சொல்கிறார். குடித்தால் ஒதுங்க இடம் ஏது? (மஹய்யாவ)

பதில்: கிண்டலுக்கு இடமில்லாத கேள்வி. ஊரையே துப்புரவாக்குகிறவருக்கு ஒதுங்க இடமில்லை என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, வேறு ஆட்கள் சொல்ல வேண்டும். டொக்டர் சொல்வதன் பொருளை மட்டும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லீட்டர் சலம் போக வேண்டும். குடிக்கும் அளவைவிட வெளியே போகும் அளவுதான் கணக்கு. வயிற்றால் போகிறவருக்கு அதற்கேற்ப இன்னும் கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு, மத்தியானம் ஒரு பங்கு, படுக்கும் முன் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். இரவில் ஒருமுறை எழுந்து சலம் போய்விட்டு மறுபடி ஒரு டம்ளர் குடிப்பது கல்காரர்களுக்கு நல்ல பழக்கம், ஏனென்றால் சலம் அதிகம் சுண்டுவது இரவில்தான். கண்டிக் குளிரில் தாகம் எடுப்பதில்லை, அதை நம்ப வேண்டாம். நிறத்தை நம்புங்கள். வைக்கோல் நிறத்தைவிடக் கறுத்தால் தண்ணீர் போதவில்லை.

அடக்கி வைப்பதற்கும் வருகிறேன். அடக்குவதால் கல் வராது. அடக்க வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருப்பதால் வரும்.

கேள்வி: ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார்கள். கல் இல்லையாம். வலியும் இல்லை. வலியில்லாததற்கு ஏன் வைத்தியம்? (மாவில்மட)

பதில்: வலியில்லாததால்தான் அவசரம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் மூலை வலது அடிவயிற்றில் இருக்கிறது, குரோனுக்குப் பிடித்தமான மூலை அது. அதற்குப் பின்னாலேயே வலது சிறுநீர்க்குழாய் இறங்குகிறது. முன்னால் வீக்கமும் கட்டியும் சேர்ந்து குழாயை நசுக்கினால் மேலே சிறுநீரகத்தில் நீர் தேங்கும். மெதுவாக நடப்பதால் வலி தெரியாது. வலி தெரியும்வரை காத்திருந்தால் சிறுநீரகம் காத்திருக்காது.

குடல் அழற்சி அடங்கினால் குழாயும் பெரும்பாலும் விடுபடும். அதுவரை உள்ளே ஒரு மெல்லிய குழாய், ஸ்டென்ட், வைப்பார்கள். வைத்த திகதியை கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி, எடுக்க வேண்டிய திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள். சுகமாக இருக்கிறது என்று ஸ்டென்டை மறந்துவிட்டு வருடங்கள் கழித்து வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதற்குள் அதன்மேல் கல் படிந்து, இழுத்தால் வராமல், அதற்கே தனி ஒப்பரேஷன் தேவைப்படும்.

கேள்வி: திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. வீட்டில் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்குப் பெருங்குடல் புண்ணுக்கு சல்ஃபாசலசின். சலமும் செம்மஞ்சளாகப் போகிறது. (வத்துகாமம்)

பதில்: நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், அது மருந்தின் சாயம். மற்ற விஷயம் முக்கியம். அந்த மருந்து விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கக்கூடியது. 1940-ஐ ஒட்டி ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டு வாதத்துக்காக உருவாக்கிய மருந்து அது. பெருங்குடல் புண்ணுக்கும் கேட்டது. ஆண்களின் விந்தணுவை அது தொடுகிறது என்று மருத்துவ இதழ்களில் வந்தது 1979-ல். இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருடம். அத்தனை வருடமும் எத்தனை வீடுகளில் மருமகளைக் குறை சொல்லியிருப்பார்களோ!

நல்ல செய்தி, இது திரும்பி வரும் பாதிப்பு. மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் விந்தணு பழைய நிலைக்கு வரும், புதிய விந்தணு உருவாகி முடிக்க அவ்வளவு காலம் ஆகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், புண் கிளம்பிவிடும். மெசலசினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அபூர்வமாகச் சிறுநீரகத்தை அழற்சியாக்கும் என்பதால் தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். மெதோட்ரெக்சேட் எடுக்கிறவர்களும் குழந்தைக்கு முயலும் முன்னால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் விந்துப் பரிசோதனை. மனைவி வரிசையில் நிற்பதற்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள்.

கேள்வி: விதைப்பை வீங்கி, தொட முடியாத வலி, குளிர்காய்ச்சல். ஆசனவாய்ப் பக்கம் கட்டி இருந்தது. தைலம் எது நல்லது? (இடம் எழுதவில்லை)

பதில்: இதற்கு நான் பத்திரிகையில் பதில் போடும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். இதே மாதிரி யாருக்காவது இருந்தால் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். அந்த இடத்துத் தோல் கறுக்கத் தொடங்கினால் மணிக்கணக்குத்தான் அவகாசம். தைலம் வேண்டாம்.

கேள்வி: கல் வலி வந்து ஓடினால் டிக்ளோஃபெனாக் வைக்கிறார்கள். எனக்குப் பெருங்குடல் புண். பரவாயில்லையா? (அக்குறணை)

பதில்: கல் வலிக்கு அது கைகண்ட மருந்து. ஆனால் அந்த வகை வலி மருந்துகள் சிலருக்குக் குடல் புண்ணைக் கிளப்பிவிடும், பழுதான சிறுநீரகத்துக்கும் ஆகாது. வலியில் துடிக்கும்போது உங்கள் வரலாறு உங்களுக்கே மறந்துபோகும். கூட வருகிறவரை 'இவருக்குக் குடல் அழற்சி' என்று சொல்லப் பழக்கி வையுங்கள். வேறு மருந்து இருக்கிறது, கொடுப்பார்கள்.

கேள்வி: மலக்குடலை எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். எடுத்தால் 'அந்த' விஷயம் போய்விடும் என்கிறார் நண்பர். (பேராதனை)

பதில்: நண்பர் சர்ஜனா? ஆண்மைக்கான நரம்புகளும் சிறுநீர்ப்பைக்கான நரம்புகளும் மலக்குடலை உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன, அவ்வளவு உண்மை. அழற்சி நோய்க்காகச் செய்யும்போது குடல் சுவரை ஒட்டியே வெட்டி நரம்பை விலக்கிவிட முடியும். புற்றுநோய்க்குச் செய்வதைவிட இதில் ஆபத்து குறைவு. ஆனாலும் ஒரு சிலருக்கு விறைப்புக் குறையலாம், விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போகலாம், சில நாள் சலம் கட்டலாம். இதையெல்லாம் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் கேட்பது உங்கள் உரிமை. இன்னும் குழந்தை வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

இன்னொன்று. வெட்டாத ஆட்களுக்கும் இந்தக் குறை வருகிறது. நோய் கிளம்பியிருக்கும் காலம், இரத்தச்சோகை, ஸ்டீரொய்ட், எந்த நேரம் கழிவறைக்கு ஓட வேண்டுமோ என்ற பயம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்தால் ஆசை எங்கே வரும்? நோய் அடங்கினால் பலருக்குத் தானாகவே சரியாகிறது. டவுனில் சீட்டில்லாமல் நீல மாத்திரை வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைக்கிறவர் அதை எடுத்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

கேள்வி: பெண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாதா? ஆண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இடம்? (கட்டுக்கலை, வாசகி)

பதில்: உங்களுக்கும் உண்டு, கல்லும் கிருமியும் ஆண்-பெண் பார்ப்பதில்லை. நீங்கள் வாய் திறந்து சொல்லிவிடுகிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரைத் திறக்கத்தான் இவ்வளவு இடம்.

கேள்வி: வயது 58. பெருங்குடல் அழற்சிக்காரர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் கூட வரும் என்று மகன் ஃபோனில் காட்டினான். (மஹய்யாவ)

பதில்: மகன் காட்டியது சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் மருத்துவர்களின் ஆய்வாக இருக்கும், 2018 கடைசியில் வந்தது. குடல் அழற்சி உள்ள ஆயிரத்துச் சொச்சம் ஆண்களை, அது இல்லாத ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரோடு ஒப்பிட்டார்கள். அழற்சிக்காரர்களிடம் நான்கு மடங்குக்கு மேல் வந்தது. ஆனால் அது ஒரே ஆஸ்பத்திரியின் கணக்கு. அதை வைத்து இரவில் தூக்கம் கெட வேண்டாம். உங்கள் வயதில் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டொக்டரோடு பேசுவது நியாயம். ஒரு முறை கூடுதலாக வந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மலக்குடல் எடுக்கப்பட்டவருக்கு விரலால் புரோஸ்டேட்டைத் தடவிப் பார்க்கும் சோதனை செய்ய வழியில்லை, அவருக்கு இரத்தமும் ஸ்கேனும்தான். அந்த விரல் சோதனைக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்றால், அது முடிய இந்தப் பதிலை வாசிக்கும் நேரம்கூட ஆகாது.

கேள்வி: சலத்தில் சீழ்ச் செல் இருக்கிறது, கல்ச்சரில் கிருமி வளரவில்லை. இரண்டு முறை அன்டிபயோட்டிக் எடுத்தும் அப்படியே. குரோனுக்கு ஊசி மருந்து போகிறது. (மாத்தளை)

பதில்: காசநோயை நினைக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கல்ச்சரில் அது முளைக்காது, தனியாகத் தேட வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்று டிஎன்எஃப் தடுக்கும் ஊசிகள் உடம்பில் தூங்கும் காசக் கிருமியை எழுப்பிவிடக்கூடியவை, அதனால்தான் தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் தோல் ஊசிச் சோதனையும் செய்கிறார்கள். நம் பக்கத்து நாடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. குடல் காசநோயும் குரோனும் பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்து கொடுத்த கதைகள் இந்தியாவிலும் இங்கும் ஏராளம். உங்கள் விஷயத்தில் எது என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் டொக்டர். கல்ச்சர் அறிக்கை இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள், 'ஒன்றும் வளரவில்லை' என்பதும் ஒரு தகவல்தான்.

கேள்வி: குரோன் யார்? அவர் பெயரை ஏன் நம் குடலுக்கு வைத்தார்கள்? (அஸ்கிரிய, மாணவர்)

பதில்: பர்ரில் குரோன், நியூயோர்க் மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரி. 1932-ல் குரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. ஆங்கில அகர வரிசையில் குரோன் முதலில் வந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நோயாளிகளுக்குக் கத்தி பிடித்த சர்ஜன் பெர்க், 'நான் எழுதாத கட்டுரையில் என் பெயர் வேண்டாம்' என்று ஒதுங்கினார். ஒதுங்காமல் இருந்தால் இன்று எல்லாரும் 'பெர்க் நோய்க்காரர்' ஆகியிருப்பீர்கள். அதற்கு முன்பே 1913-ல் கிளாஸ்கோவில் டால்ஸீல் என்ற சர்ஜன் இதே நோயை விவரித்துவிட்டார், பாவம், அவரை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்குப் பிடித்த சங்கதி வேறு. மூவரில் கடைசிப் பெயர்க்காரரான ஒப்பன்ஹைமர், பிற்காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் சிறுநீரியல் பிரிவுக்குத் தலைவரானார். குடல் நோயைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சலத்தின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார். நீங்கள்தான் இரண்டும் வேறு வேறு டொக்டர் என்கிறீர்கள்.

கேள்வி: பெருங்குடல் முழுவதும் எடுத்து வயிற்றில் பை. கதிர்காமத்துக்கு நடைபயணம் போக ஆசை. (மஹய்யாவ)

பதில்: முருகன் பையைப் பார்ப்பதில்லை, வெயில் பார்க்கும். பெருங்குடல் இல்லாதவருக்குத் தண்ணீரோடு உப்பும் பை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். சலம் குறைந்து, புளித்து, யூரிக் அமிலக் கல் உண்டாகும். ஒட்சலேட் உங்கள் பிரச்சினை அல்ல, அதை உறிஞ்சும் பெருங்குடலே இல்லையே. இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேன் வேண்டும். ஆனால் சலத்தின் புளிப்பை மாற்றும் சிட்ரேட் மருந்தில் கரையக்கூடிய நல்ல கல்லும் இதுதான்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நடக்காதீர்கள், பையில் இன்னும் அதிகமாகக் கொட்டும். ஜீவனிப் பக்கெட் மூட்டையில் இருக்கட்டும். யாலக் காட்டு வழியை விட்டுவிட்டு, பஸ்ஸில் திஸ்ஸமகாராமை வரை போய் அங்கிருந்து நடந்தாலும் அரோகரா அரோகராதான்.

கேள்வி: குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் இருந்த வழியை அடைத்துவிட்டார்கள். கதீட்டரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கும்பல் பெரஹெரா தொடங்கிவிட்டது. போய்ப் பார்க்கலாமா? (மஹய்யாவ)

பதில்: சர்ஜன் நடக்கலாம் என்றால் போகலாம். காலில் கட்டும் சின்னப் பையாகக் கேட்டு வாங்குங்கள், சாரத்துக்குள் தெரியாது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், மடியில் தூக்கி வைக்கக்கூடாது, குழாய் மடங்கக்கூடாது. பாதி நிறைந்ததும் காலி செய்ய இடம் தெரிந்த பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். சலம் திடீரென்று நின்றாலோ இரத்தக் கட்டி வந்தாலோ அன்றிரவே வார்டுக்குப் போக வேண்டும், பெரஹெரா மறுநாளும் வரும். மற்றபடி அந்தக் கூட்டத்தில் இரவு முழுவதும் எழுந்து ஓடத் தேவையில்லாத ஒரே ஆள் நீங்கள்தான். பாய் விரித்து முன்வரிசையைப் பிடியுங்கள்.